இருவர் அளவு டிகாக்ஷன்

கோயம்புத்தூரிலிருந்து பேரூரைக் கடந்து சிறுவாணி சாலையில் மேற்கு நோக்கிச் செல்பவர், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற சிறு வீடுகள் வரிசையாக நிற்பதையும், படிகளுக்குப் பதிலாகச் சரிவான தளமும் கைப்பிடிக் கம்பியும் அமைந்திருப்பதையும், வாயிலில் காவலாளி ஒருவர் வருகைப் பதிவேட்டுடன் உட்கார்ந்திருப்பதையும் காண்பார். பாலக்காட்டுக் கணவாய் அனுப்பி வைக்கும் காற்றையும், நகரத்தின் ஆஸ்பத்திரிகளையும், விமான நிலையத்தையும் உத்தேசித்து, பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்ட பெற்றோர் பல ஆண்டுகளாக இப்பக்கம் வந்து குடியேறிக்கொண்டிருக்கிறார்கள். இவ்விடங்களை முதியோர் இல்லம் என்று யாரேனும் சொன்னால் குடியிருப்போர் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெயரில் ஆதரவற்றோர் என்ற வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது, தாங்களோ பணம் கொடுத்து வந்தவர்கள் என்பது அவர்கள் கட்சி. நியாயமான கட்சிதான்.

ஆனால் வீடு வாங்கும் நாளில் தம்பதி போடும் கணக்கில் ஒன்று மட்டும் விட்டுப்போகிறது. குளியலறைக் கம்பி, படுக்கையருகே அழைப்பு மணி, ஆம்புலன்ஸ் திரும்ப இடம் என்று சகலத்தையும் இருவராகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீட்டில், அவர்களில் ஒருவர் பின்னொரு நாள் தனியே இருக்கப்போகிறார் என்பதே அது. ஒரே நாளில் போகும் பாக்கியம் பெற்ற தம்பதிகளைப் புராணங்களில்தான் அதிகம் பார்க்கிறோம்.

இந்தத் துக்கத்தின் பாரத்தை எண்ணால் அளக்க முயன்றவர்கள் உண்டு. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மனநல வைத்தியர்கள், மனித வாழ்க்கையில் நேரும் 43 மாறுதல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டபோது, வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கே முழு நூறையும் கொடுத்தார்கள். விவாகரத்துக்குக் கிடைத்தது 73, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதற்கு 45. இரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் காலின் மர்ரே பார்க்ஸும் அவருடைய சகாக்களும், 55 வயதை எட்டிய பின் மனைவியை இழந்த 4,486 பேரை ஒன்பது ஆண்டுகள் கவனித்ததன் பயனை வெளியிட்டார்கள்: அவர்களில் 213 பேர் முதல் ஆறு மாதங்களுக்குள்ளாகவே மாண்டுபோனார்கள், அதே வயதுடைய மணமான ஆண்களிடம் எதிர்பார்க்கத்தக்க தொகையைவிட இது 40 சதவிகிதம் அதிகம், அவ்வாறு மிகுந்த மரணங்களில் பெரும்பங்கு இருதய நோயினுடையது. பிற்பாடு அந்த விகிதம் படிப்படியாக மற்றவர்களுடையதற்கு இறங்கி வந்துவிட்டது. ஆகவே அபாயம் மிகுந்தது அந்த முதல் அரையாண்டு. வெளியூர்ப் பிள்ளைகள் காரியங்களை முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிட்ட பின்பு வருகிற அரையாண்டும் அதுவேதான்.

துக்கம் படிப்படியாக ஏறி ஒரு நாள் முடிந்துபோகும் மாடிப்படி என்று முன்பு எண்ணியிருந்தார்கள். 1999-இல் நெதர்லாந்தின் ஆராய்ச்சியாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் வேறொரு விளக்கம் கொடுத்தார்கள்: துணையை இழந்தவர் இழப்பை நோக்கி ஒருமுறையும், செய்யவேண்டிய வேலைகளை நோக்கி மறுமுறையுமாகப் போய்த் திரும்பிக்கொண்டே இருக்கிறார், அவரைத் தேற்றுவது இந்தப் போக்குவரத்துதானேயொழிய, இரண்டில் ஒன்றிலேயே தங்கிவிடுவது அன்று. கூடத்து ஊஞ்சலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்குவதில் சிரமமில்லை. காலையில் போட்டோவுக்கு முன்னால் அழுதவர் மாலையில் சீட்டாடிச் சிரித்தால், அதைக் கண்டு புருவம் உயர்த்துகிறவர்களுக்குத்தான் சற்றுப் பாடம் தேவைப்படுகிறது.

இக்குடியிருப்புகளில் மூன்று வேளை ஆகாரமும் பொதுச் சமையற்கூடத்திலிருந்து வந்துவிடுகிறது என்றாலும், அதிகாலைக் காப்பியை மட்டும் பலர் பிறர் கையில் ஒப்படைப்பதில்லை. நாற்பது வருஷம் இருவர் அளவுக்குப் பொடி போட்டுப் பழகிய கை, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளும் இருவர் அளவுக்கே போடுகிறது. மிஞ்சிய டிகாக்ஷனைத் தொட்டியில் கொட்டும் அந்த நிமிஷத்தில்தான், வந்தவர்களின் கூட்டத்தில் மறைந்திருந்த துக்கம் முழு உருவத்தோடு எதிரே வந்து நிற்கிறது. போனது ஒரு மனிதர் மட்டுமன்று, ஒரு நாளின் அமைப்பே போய்விட்டது. சௌகரியமே இங்கே விரோதியாகிவிடுவதும் உண்டு: சமைக்க வேண்டாம், பெருக்க வேண்டாம், மின்சாரக் கட்டணத்துக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்று குடியிருப்பு எடுத்துக்கொண்ட வேலைகள் தம்பதியாக இருந்தபோது பெரிய உபகாரமாக இருந்தன, தனித்த பிறகு அதே உபகாரம் எழுந்திருக்கவே அவசியமில்லாத ஒரு நாளை அல்லவா கொடுத்துவிடுகிறது?

மனைவியை இழந்த ஆணின் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்த பெண்ணின் நிலையைத் தாபத நிலை என்றும் தொல்காப்பியம் இரண்டு பெயர் இட்டுப் பிரித்தது. இக்காலத்திலும் அவை இரண்டுதான். அவருக்குச் சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாது. அவளுக்கு வங்கிப் புத்தகம் எங்கே என்று தெரியாது. அவருடைய சிநேகமெல்லாம் மனைவி வழியாக வந்தது. அவளுடைய அண்டை அயல் அவளுக்கே உரியது. ஆயினும் பணவிஷயத்தில் அடி அவளுக்கே பலமாக விழுகிறது. மத்திய அரசின் பழைய ஓய்வூதிய முறையில் கணவர் பெற்றது கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால், சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியம் அந்தச் சம்பளத்தில் 30 சதவிகிதமே. வீட்டுப் பராமரிப்புக் கட்டணமோ பல இடங்களில் சதுர அடிக் கணக்கில் வசூலிக்கப்படுவதால், ஆள் ஒன்று குறைந்தாலும் அது குறைவதில்லை. சாப்பாட்டுக் கட்டணம் மட்டுமே தலைக்கணக்கில் இறங்குகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆண்டுதோறும் நவம்பரில் கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்று என்று காகிதங்கள் வரிசையில் நிற்கின்றன. நாமினியாகப் பெயர் இருப்பதனாலேயே வங்கி வைப்புப் பணம் முழுவதும் தமக்கே சொந்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. வங்கியிலிருந்து அதைப் பெற்றுக்கொள்ளும் உரிமைதான் நாமினிக்கு, அனுபவிக்கும் உரிமை வாரிசுகளுக்கு. இந்த அலைச்சலைப் பிள்ளைகள் முழுவதுமாகத் தாங்களே செய்துவிட விரும்புவது அன்பினால்தான். ஆனாலும் அம்மாவை வங்கிக்கு அழைத்துப்போய், கையெழுத்தையும் கேள்வியையும் அவளிடமே விட்டுவிட்டு நிற்பவர்களைக் கெட்டிக்காரர்கள் என்று நான் மதிக்கிறேன். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்ற அழைப்புக்கு முதல் வருஷத்தில் பதில் சொல்லாமலிருப்பதும் நல்லது.

நவராத்திரி வரும்போது வேறொரு சங்கடம். பெண்கள் அதிக காலம் ஜீவிப்பதாலும், தம்மைவிட மூத்தவரை மணப்பதாலும், இத்தகைய குடியிருப்புகளில் கணவனை இழந்தவர்கள் விதிவிலக்கானவர்கள் அல்லர். அங்கும் கொலு மண்டபத்தில் குங்குமமும் வெற்றிலை பாக்கும் உள்ள தட்டு ஒரு வரிசையில் வந்து, ஒருவரைத் தாண்டி அடுத்தவரிடம் போகிறது. தாண்டப்பட்டவர் மறுநாள் பஜனைக்கு வரமாட்டார். அதற்கடுத்த நாள் சாப்பாட்டுக் கூடத்துக்கும் வரமாட்டார், தட்டை வீட்டுக்கே அனுப்பச் சொல்லிவிடுவார். எல்லோருக்கும் தாம்பூலம் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால் முடியக்கூடிய இந்த விஷயத்துக்கு, எந்த மருத்துவ வசதியும் ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் திரும்ப எழுந்து நடமாடுகிறவர்கள் எப்படி எழுகிறார்கள்? பொழுதுபோக்கினால் அன்று, யோகா வகுப்பும் கேரம் பலகையும் போனால் போகலாம், போகாவிட்டால் கேட்பாரில்லை. பொறுப்பு என்பது வேறு. நூலகச் சாவி ஒருவரிடம் இருக்கிறது, பத்து மணிக்கு அவர் திறக்காவிட்டால் நான்கு பேர் வாசலில் நிற்பார்கள். கண்புரைச் சிகிச்சை செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒருத்தி பத்திரிகை வாசிக்கிறாள், அவள் வராவிட்டால் அவருக்கு அன்றைய செய்தி இல்லை. விடியற்காலை நடைக்கு இருவர் சேர்ந்து போகிறார்கள், ஒருவர் வராவிட்டால் மற்றவர் கதவைத் தட்டுகிறார். அவ்வாறு தட்டுவதற்கு ஓர் ஆள் ஏற்பட்டுவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று. மாதங்கள் பல சென்றும் ஊணும் உறக்கமும் திரும்பாமல், மனம் இழப்பிலேயே உறைந்துவிடுமானால் அது வேறு விஷயம். நீடித்த துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் இப்போது ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது, அதற்கு அண்டை வீட்டார் போதாது, வைத்தியர் வேண்டும். யாரை அணுகுவதென்று தெரியாத முதியோருக்கு அரசின் உதவித் தொலைபேசி எண் 14567 இருக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் சில நாட்கள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஓர் அடையாளம் புலப்படும். துணையை இழந்து வந்து உட்காருகிறவர் இலையில் எதை வைத்தாலும், அல்லது வைக்காமலே போனாலும், ஒரு வார்த்தை பேசமாட்டார். மேஜையில் உள்ளவர்கள் ஊறுகாயை நகர்த்துவார்கள், சாரோ மாமியோ தலையாட்டுவார். மாதங்கள் இப்படியே போகும். பிறகொரு நாள் மத்தியானம் அவர் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, பரிமாறும் பையனை நிறுத்தி, இன்றைக்கு மிளகு போடவே மறந்துவிட்டார்களா, இதை உணவுக் கமிட்டியில் யாராவது கேட்கிறீர்களா, இல்லை நானே வந்து கேட்கட்டுமா என்பார். பக்கத்திலிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ரசம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரோடு வாதம் செய்யத் தொடங்குவார்கள்.