வலிக்கு ரசீது கிடையாது

சாலை விபத்தில் காயமடைந்தவர்களின் வேதனைக்கும் சட்டம் பணம் தருகிறது. அதற்கான ஆதாரத்தை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

பெரும் காயம் என்றால் ரூ. 5,000. சிறு காயம் என்றால் ரூ. 1,000. விபத்தில் சிக்கியவரின் வலிக்கும் வேதனைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 1994ல் போட்ட விலை இது. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே நஷ்டஈடு கேட்பவர்களுக்காக அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட அட்டவணையில் இது இருந்தது. தொடை எலும்பு நொறுங்கி எட்டு மாதம் படுத்துக் கிடந்தவருக்கும் 5,000தான். மணிக்கட்டு முறிந்து ஆறே வாரத்தில் தேறியவருக்கும் அதேதான்.

அந்த ரேட் கார்டு இன்று இல்லை. 2019ல் நிறைவேறிய சட்டத் திருத்தம் 2022 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்தபோது அட்டவணை நீக்கப்பட்டது. தவறை நிரூபிக்காமல் கேட்டால் கொடுங்காயத்துக்கு ஒரே தொகையாக ரூ. 2.5 லட்சம் என்றானது. எதிர் வண்டியை ஓட்டியவரின் அஜாக்கிரதையை நிரூபிக்க முடிந்தால் 166வது பிரிவில் மனு செய்யலாம். அதில் உச்சவரம்பு கிடையாது. வலி, வேதனை என்ற தலைப்பில் எவ்வளவு தருவது என்பது விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தின் நீதிபதி கையில் இருக்கிறது.

சிக்கலும் இங்கேதான். மருந்துக்கு பில் இருக்கிறது. ஆம்புலன்சுக்கு ரசீது இருக்கிறது. இழந்த சம்பளத்துக்கு அலுவலகச் சான்று இருக்கிறது. புரண்டு படுக்க முடியாமல் கழித்த இரவுகளுக்கு எதுவும் இல்லை. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் கட்டுப் பிரித்து, புண் ஆறி, பாதிக்கப்பட்டவர் ஓரளவு நடமாடத் தொடங்கியிருப்பார். நீதிபதி பார்ப்பது அந்த மனிதரைத்தான். 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,43,366 பேர் காயமடைந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. ஓர் ஆண்டின் பாடு இது.

நீதிமன்றங்கள் வலியைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1980ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மும்பை வழக்கறிஞர் ஒருவருக்கு உயர் நீதிமன்றம் வலிக்கும், வாழ்க்கையின் சுகங்களை இழந்ததற்கும் சேர்த்து ரூ. 1 லட்சம் தந்தது. 1995ல் உச்ச நீதிமன்றம் அதை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ரூ. 1.5 லட்சம் கொடுத்தது. அனுபவித்த வலி வேறு, இனி அனுபவிக்க முடியாமல் போனவை வேறு என்பது அதன் பொருள். 2020ல், 12 வயதில் லாரி மோதி மூளை பாதிக்கப்பட்டு, ஒன்பது மாதக் குழந்தையின் மனநிலையில் தங்கிவிட்ட ஹரியானா சிறுமிக்கு இந்த இரண்டு தலைப்புகளுக்கும் சேர்த்து ரூ. 15 லட்சம். 2024 நவம்பரில் கர்நாடகத்திலிருந்து வந்த ஓர் அப்பீலில் வலிக்கும் வேதனைக்கும் மட்டுமே ரூ. 15 லட்சம்.

இவை வாழ்க்கையே முடங்கிப்போனவர்களின் வழக்குகள். சாதாரண எலும்பு முறிவுக்கு இந்தத் தொகையை எதிர்பார்க்க முடியாது. அங்கே ஒரு குத்துமதிப்பான தொகைதான் எழுதப்படுகிறது. அதைக் கூட்டவோ குறைக்கவோ நீதிபதிக்கு உதவுவது வழக்குக் கட்டில் உள்ள காகிதங்கள்.

முதல் காகிதம் ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. டாக்டர் எலும்பைப் பார்ப்பார், எக்ஸ்ரேயைப் பார்ப்பார், முறிவு என்று எழுதுவார். ராத்திரி தூக்கமில்லை, கையைத் தூக்கினால் தோளில் குத்துகிறது என்று நோயாளி சொன்னால்தான் அதுவும் சீட்டில் ஏறும். ஓ.பி. சீட்டில் டாக்டர் கையால் எழுதிய ‘வலி நீடிக்கிறது’ என்ற ஒரு வரிக்கு, பின்னால் வக்கீல் எழுதும் இரண்டு பக்கத்தைவிட மதிப்பு அதிகம். அரசு ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை பெற்றவர்கள், பில் இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. வேதனைக்கான தொகை பில்லைப் பொறுத்ததல்ல. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்றிதழ், எக்ஸ்ரே பிலிம், வலி மாத்திரைச் சீட்டுகள், பிசியோதெரபி அட்டை ஆகியவற்றில் ஒன்றைக்கூடத் தூக்கி எறியக் கூடாது.

வலித்த நாட்களின் கணக்கும் முக்கியம். 15 நாட்கள் கடுமையான உடல் வலியில் கிடந்தாலோ, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம் என்கிறது 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாட்களாக இருந்தது. எலும்பு முறியாதவர்களுக்கு இந்தக் கணக்கே கைகொடுக்கும்.

இரண்டாவது ஆதாரம் வீட்டில் இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி போட்டு இரண்டு வரி: ‘ராத்திரி 2 மணிக்கு வலி. மாத்திரை போட்டும் தூக்கமில்லை. கழிப்பறைக்கு மகன்தான் தூக்கிப் போனான்.’ வர்ணனை வேண்டாம். வலி குறைந்த நாளையும் அப்படியே எழுத வேண்டும். தினமும் துடித்ததாக ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதிய நோட்டு குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்குத்தான் உதவும். நோட்டில் உள்ள தேதியும் ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள தேதியும் ஒத்துப்போனால் அதை அசைப்பது கடினம். கட்டோடும் கம்பியோடும் இருந்தபோது எடுத்த படங்கள், லீவு எடுத்த நாட்களின் சான்று, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் சாட்சியம் எல்லாம் இதற்குத் துணை.

காயம் நிரந்தரமானால் இன்னொரு கேள்வி வருகிறது. ஊனம் எத்தனை சதவீதம் என்பதை வைத்து வருமான இழப்பை முடிவு செய்துவிடக் கூடாது என்று 2010ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடது கையை இழந்த டிரைவரோ தச்சரோ பிழைப்பையே இழக்கலாம். அதே கையை இழந்த அரசு குமாஸ்தா வேலையில் தொடரலாம். சிகிச்சை செய்யாத டாக்டர்கள் தாராளமாகத் தரும் சான்றிதழ்களை அப்படியே நம்பக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு எச்சரித்தது. எனவே கூடுதல் சதவீதம் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரைவிட, சிகிச்சை செய்த டாக்டரே சாட்சி சொல்ல வருவது பலம்.

விபத்து வெளிமாநிலத்தில் நடந்திருந்தாலும் அலைய வேண்டாம். வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். 2022 விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றில் வண்டி எண் இருக்கும், பாலிசி எண் இருக்கும், காயத்தின் பெயரும் இருக்கும். தூங்காத இரவுகள் இருக்காது. மனுவுக்கு 6 மாதக் கெடு என்கிறது 2019 திருத்தம். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

பெரும்பாலும் பேரம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. லோக் அதாலத்தில் ஒரு தொகையைச் சொல்லி, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். கடன் வாங்கி வைத்தியம் பார்த்த குடும்பத்துக்கு அது பெரிய தொகையாகவே தெரியும். கையில் காகிதம் இல்லாதவர் தலையாட்டிவிட்டு வருகிறார். இருப்பவர் அந்தத் தொகை போதுமா என்று கேட்க முடிகிறது.