நீராவியும் நெல்வயலும்

முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி என்றொரு முஸ்லிம் கிராமம் உண்டு. 'ஆவி' என்றால் பழந்தமிழில் குளம் என்றும் பொருள். ஊர்ப்பெயரிலுள்ள நீராவி அதுவாகத்தான் இருக்கவேணும். விஞ்ஞானப் பாடநூலின் நீராவி வேறு. அது ஒரு பச்சைவீட்டு வாயு. சூரிய ஒளியை உள்ளே விட்டு, நிலம் திருப்பி அனுப்பும் வெப்பத்தில் ஒரு பங்கை மறித்து வைக்கிற வாயுக்களுக்கே அந்தப் பெயர். இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 பாகை செல்சியசாக இராது, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையளவில் உறைந்து கிடக்கும். அளவு மிஞ்சுவதுதான் வில்லங்கம். கைத்தொழில் யுகத்துக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்களவில் இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்கிறபோது அதுவும் சேர்ந்துதான் கொட்டும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த ஒரு மழையை முழுதாக இந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. மாரி எப்போதுமே அப்படிக் கொட்டக்கூடியதுதான்.

"புகை விடுறது வேற ஆக்கள் சேர், வன்னியில என்ன பக்டரி கிடக்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயம்தான். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த நாடுகளின் பங்குக்கு முன் நம் பங்கு மிகச் சிறிது. ஆனால் வயலையும் ஒருக்கா பார்க்கவேணும். தண்ணீர் கட்டிய வயலின் சேற்றுக்குள் ஒட்சிசன் போகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேரையும் சிதைக்கையில் மெதேன் உண்டாகி, பெரும்பாலும் நெற்பயிரின் ஊடாகவே காற்றில் கலக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். நிலைத்திருப்பதோ 12 ஆண்டளவு. இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும்.

வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மெதேன் நன்றாகக் குறையும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் காட்டும் முறை இலேசானது: துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் தண்ணீர் விடுவது. பூக்கும் நாட்களில் மட்டும் காயவிடக்கூடாது. விளைச்சல் குறையாது, தண்ணீரும் மிச்சம்.

சொல்ல லேசு. நின்ற தண்ணி களையை அடக்கும். அதைவிட, அடுத்த முறைத் தண்ணி வருமோ என்ற உறுதியில்லாத கமக்காரன் கட்டிய தண்ணியை ஏன் வடியவிடுவான்? அவனைக் குறைசொல்வதில் பயனில்லை. முறை தீர்மானிக்கப்படுவது சிறுபோகக் கூட்டத்தில். இந்தப் பேச்சும் அங்கேதான் தொடங்கவேணும்.