பள்ளிப் பதிவேடும் புதிய பதிப்பும்

உங்கள் பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு என்ற தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவர் வந்து கேட்டாலும், எழுத்தர் அதைப் புரட்டி அவர் பிறந்த தேதியைச் சொல்லிவிடுவார். மை மங்கியிருந்தாலும் படிப்பதற்குக் கண் இருந்தால் போதும். அதே விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் கதை வேறு. அவற்றைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் இயங்க, அதற்கு அடியில் வேறு நிரல்கள் வேண்டும். நிரல்கள் அடிக்கடி மாறும். பதிவேட்டில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. இது எப்படி முடிகிறது?

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வாளையாற்றைக் கடந்தால் கேரளம். நமக்கு எமிஸ் இருப்பதுபோல, அங்குள்ள பள்ளிகளுக்குச் 'சம்பூர்ணா' என்ற ஏற்பாடு உண்டு. 15,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்காக அமைக்கப்பட்ட இது, 'ஃபெடினா' என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. ஃபெடினாவை 2009-இல் உருவாக்கியது பெங்களூரின் ஃபொரேடியன் நிறுவனம். அது திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதாவது, அதன் நிரல் வரிகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

ஃபெடினா 'ரூபி' என்ற கணிப்பொறி மொழியில், 'ரெயில்ஸ்' என்ற சட்டகத்தின்மேல் கட்டப்பட்டது. பொதுவில் வெளியான ஃபெடினாவுக்குத் தேவைப்பட்டது ரெயில்ஸ் 2.3.5. இந்த மூன்று எண்கள் எதைக் குறிக்கின்றன? நம் ஊர்க் கிணற்று மோட்டாரை எண்ணிப் பாருங்கள். தேய்ந்த பேரிங்கைக் கழற்றி, அதே அளவில் வேறொன்று போடுகிறோம். இது கடைசி எண் மாறுவது போன்றது, வெறும் பிழைதிருத்தம். தானியங்கி ஸ்டார்ட்டர் ஒன்றைச் சேர்க்கிறோம்; இது நடு எண், புது வசதி. பழைய மோட்டாரையே எடுத்துவிட்டு நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினால் குழாய், வயர், பேனல் போர்டு எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும். முதல் எண் மாறுவது அத்தகையது. (எல்லோரும் இந்த ஒழுங்கை அப்படியே பின்பற்றுகிறார்கள் என்று நம்பிவிட வேண்டாம்.)

2010 ஆகஸ்டில் ரெயில்ஸ் 3.0 வந்தது. முதல் எண் மாறிவிட்டது! பொதுவில் கிடைத்த ஃபெடினாவோ 2.3-லேயே நின்றது. அதற்கு அடியிலிருந்த ரூபி 1.8.7-க்கும் 2013 ஜூனோடு ஆதரவு நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அதில் ஓர் ஓட்டை தெரிந்தால், திருடன் நுழையக்கூடிய ஓட்டையானாலும், ரூபியை உருவாக்குவோர் அதை அடைத்துத் தரமாட்டார்கள். மூல வரிகள் கையில் இருப்பதால் நாமே அடைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும். இலவசமாகக் கிடைத்ததே என்று நிறுவிவிட்டு மறந்துபோகும் பள்ளியில், மாணவர்களின் முகவரியும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் பூட்டில்லாத பீரோவில் கிடப்பதாகத்தான் பொருள்.

மேம்படுத்துவதில் கடினமான பகுதி தரவை இடம் பெயர்ப்பதே. பழைய பதிப்பில் பெயருக்கு ஒரே கட்டம் இருந்தது. புதியதில் முன்னெழுத்துக்குத் தனிக் கட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியைக் கண்ட இடத்தில் வெட்டு என்று நிரலுக்குச் சொல்லிவிடலாம். 'செ. கவின்' சரியாகப் பிரிந்துவிடுவான். ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் சேர்ந்த 'ப.செ. கவின்' என்ன ஆவான்? புள்ளியே வைக்காமல் 'கவின் செ' என்று எழுதியவன்? மாற்றுச் சான்றிதழில் பெயர் பிசகினால் அந்தப் பையன் அடுத்த பள்ளியில் அலைய நேரிடும்.

ரெயில்ஸில் இதற்கு ஒரு நல்ல முறை உண்டு. பதிவேட்டின் அமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு நிரல். அதன் பெயர், ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் சேர்ந்த 14 இலக்க எண்ணில் தொடங்கும். எவை எவை முடிந்தன என்பதைக் கணிப்பொறி ஒரு தனி அட்டவணையில் குறித்து வைக்கும். ஆகவே, நான்கு பதிப்புகள் பின்தங்கிய பள்ளியும் விடுபட்ட படிகளை மட்டும் வரிசையாக ஏறிவரலாம். பின்னோக்கி இறங்கும் வழியையும் எழுதி வைக்கலாம். ஆனால் ஒரு கட்டத்தையே நீக்கிவிட்டால், இறங்கும்போது திரும்பக் கிடைப்பது வெறும் கட்டம்தான். உள்ளே இருந்த பெயர்கள் போனது போனதுதான்.

அதனால்தான் முதலில் தரவை நகலெடுத்து, வேறொரு கணிப்பொறியில் ஒத்திகை பார்க்கிறார்கள். நகல் எடுத்தால் மட்டும் போதாது; அதிலிருந்து பதிவேட்டை மீட்க முடிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். நாளையும் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. அந்த வாரத்தில் புதிய பதிப்பைத் தொடுவார் உண்டா! வேலை முடிந்ததும் மாணவர் எண்ணிக்கை, கட்டணக் கூட்டுத்தொகை இரண்டையும் பழைய பதிப்போடு ஒப்பிடுவார்கள். அவை பொருந்திய பிறகும், முன்னெழுத்து சிக்கலான பத்துப் பெயர்களையாவது எழுத்தர் தம் கண்ணால் பழைய புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.