கிணற்று நீரும் நடுவயதும்

மேலநீலிதநல்லூர்ப் பகுதி வானம் பார்த்த பூமி. ஆயினும் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும் ஆண்டுகளில் தோட்டக் கிணறுகளில் நீர் பெருகும். அவற்றில் நீந்துவோர் யாவர்? பெரும்பாலும் சிறுவர்களே. இளமையில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பயின்ற தந்தையரோ, ஐம்பதை எட்டியதும் முழங்கால் வலியோடு திண்ணையில் அமர்ந்துவிடுகின்றனர்.

உண்மையில் நீந்த வேண்டிய வயது இதுவே. இடுப்பளவு நீரில் கால்கள் தாங்கும் சுமை ஏறத்தாழப் பாதியாகிறது. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கே எஞ்சுகிறது. ஆகவே நீந்தும்போது மூட்டுகள் நோகாமலே இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன.

வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நீந்தினால் அது நிறைவேறும். நீச்சல்குளம் வேண்டுமென்பதில்லை, 30 அடிக் கிணற்றை 11 முறை குறுக்கே கடந்தால் 100 மீட்டராகும்.

வயதாகிவிட்டதே என மலைக்க வேண்டாம். நாற்பதைக் கடந்தபின் நீச்சல் கற்ற தெலங்கானாவின் கோலி சியாமளா, 2021 மார்ச்சில் பாக் நீரிணையையே நீந்திக் கடந்தார். நமக்குக் கடல் வேண்டாம், ஒழுங்கு போதும்.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. இதயநோய், இரத்த அழுத்தம் உடையோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்க. மோட்டாரின் மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே இறங்குக. தனியே ஒருபோதும் நீந்தலாகாது. நீந்தத் தெரிந்த ஒருவர் கயிற்றோடு கரையில் நிற்கட்டும். அவர் மகனாகவோ பேரனாகவோ இருப்பின், உடல்நலத்தோடு ஒரு குடும்பக் கலையும் காக்கப்படுமன்றோ!