பேறு ஆஸ்பத்திரியில், பேறுகாலம் வீட்டில்

தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இன்று மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் செய்தி இது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதும் அதே கணக்கெடுப்பில்தான் வருகிறது.

முதல் செய்தி சின்ன வெற்றி அல்ல. குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், பொதுவழியில் நடப்பதற்கே தடைபட்டவர்கள் நம் முன்னோர். நம் பாட்டிமார் வயற்றாட்டியின் கையை நம்பித்தான் பெற்றார்கள். இன்று நம் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் உரிமையோடு போகிறார்கள்.

ஆனால் மருத்துவமனையில் இருப்பது சில நாள். மீதி ஒன்பது மாதமும் வீட்டில்தான். அண்டி ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பு உடைப்பவளுக்கும், வயலில் குனிந்து நாற்று நடுபவளுக்கும், செங்கல்சூளையில் மண் சுமப்பவளுக்கும் வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. வீட்டிலோ எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதுதான் அவளுக்கு. ரத்தசோகை தலைவிதி அல்ல. கூலியிலும் பந்தி வரிசையிலும் இருக்கிறது.

இழக்கும் கூலியை ஈடுகட்டவும் சத்தாகச் சாப்பிடவும்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து மருத்துவராகி, 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் நுழைந்தவர் அவர். திட்டத்தின் மதிப்பு 18,000 ரூபாய்: தவணைகளாக 14,000 ரூபாய் பணம், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முதல் இரண்டு பேறுகளுக்குக் கிடைக்கும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும். அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். இந்தப் பணம் வட்டிக்காரருக்கோ வீட்டுக் கடனுக்கோ உரியது அல்ல. அவள் வயிற்றுக்கு உரியது.

ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்களுக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை உண்டு. அதற்குக் குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். வருகைப் பதிவையும் பிடித்தத்தையும் இப்போதே சரிபாருங்கள்.

வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியவை செலவில்லாதவை. அவளுக்கு முதலில் சோறு போடுங்கள். தண்ணீர்க் குடத்தைக் கணவன் தூக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்க விடாதீர்கள். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். பிறந்த அன்றே குளிப்பாட்டாமல் தாயின் நெஞ்சோடு அணைத்துச் சூடாக வைத்திருங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்காதீர்கள். தாய்க்கு அதிக உதிரப்போக்கு, வலிப்பு, காய்ச்சல், கடும் தலைவலியோடு முகவீக்கம் கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

அந்த வண்டி நம் தெருவுக்குள் வருமா? ஒற்றையடிப் பாதையும் வாய்க்கால் வரம்பும் உள்ள குடியிருப்புகளில், யார் தூக்குவது, எந்த ஆட்டோ என்பதை எட்டாம் மாதமே பேசி வையுங்கள். பாதைக்கும் விளக்குக்கும், செவிலியர் ரோட்டோடு நிற்காமல் தெருவுக்குள் வருவதற்கும் அடுத்த கிராமசபையில் தீர்மானம் கேளுங்கள்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் கர்ப்பிணிகள் எத்தனை பேர், பதிந்தவர்கள் எத்தனை பேர், தவணை வராதவர்கள் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு கிராமசபைக்குப் போனால், தட்டிக்கழிப்பது யாருக்கும் எளிதல்ல.