படகு டிரெய்லரில் முன் ரோலர் எதற்கு? அதைச் சரிசெய்வது எப்படி?

வார இறுதி வந்தால் சுங்கைப்பட்டாணி, பாக்கார் ஆராங் வட்டாரத்திலிருந்து மெர்போக் ஆற்றுக்கும் தஞ்சோங் டாவாய்க்கும் தூண்டிலோடு கிளம்புபவர்கள் உண்டு. சிலர் சொந்தப் படகையே காருக்குப் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். டயர், விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். படகின் மூக்கு முட்டி நிற்கும் அந்தச் சின்ன ரப்பர் ரோலரை மட்டும் யாரும் கண்டுக்கிறதில்லை.

அது என்ன செய்கிறது?

வின்ச் பட்டை படகைப் பின்னால் நழுவாமல் இழுத்துப் பிடிக்கும். ஆனால், பட்டையால் இழுக்கத்தான் முடியும், தடுக்க முடியாது. திடீரென்று பிரேக் பிடித்தால் படகு முன்னோக்கிப் பாயும். மூக்கும் மேலே எழும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்த ரோலர்தான். ரோலருக்கும் படகுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு பிரேக்கிலும் படகு இடித்து இடித்து பட்டையும் போல்ட்டும் தளர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் படகு நழுவினால், ஆபத்து பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கும்தான்.

எப்படிச் சரிசெய்வது?

1. சமதரையில் காரோடு இணைத்து நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். படகின் பின்பகுதியை டிரெய்லரோடு கட்டுங்கள்.

2. முதலில் பின்னால் பாருங்கள். படகின் பின்முனை, டிரெய்லரின் தாங்குபலகை முடியும் இடம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே தொங்கக் கூடாது.

3. வின்ச் தூணின் யூ-போல்ட் நட்டுகளைத் தளர்த்தி, ரோலர் மூக்கில் நன்றாக ஒட்டும்வரை தூணை நகர்த்துங்கள்.

4. உயரம் முக்கியம். பட்டையை மாட்டும் முன்வளையம், ரோலருக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் மூக்கு மேலே எழும்பாது.

5. நட்டுகளை இறுக்குங்கள். வின்ச் பட்டையோடு சேர்த்து, தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டுங்கள்.

எடையையும் பாருங்க

தூணை நகர்த்தினால் படகும் நகரும். கார் கொக்கியில் விழும் எடையும் மாறும். பொதுவாக மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு அங்கே இருக்க வேண்டும். படகும் டிரெய்லரும் சேர்ந்து 800 கிலோ என்றால், 40 முதல் 80 கிலோ. குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டீயரிங் லேசாகிவிடும். படகின் பின்முனையும் எடையும் ஒருசேர அமையவில்லையா? அச்சையே நகர்த்த வேண்டியிருக்கும். அதைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

மறக்கக் கூடாத இரண்டு

சரிவில் படகை ஏற்றும்போது ரோலர் ஒட்டியிருக்கும். மேலே சமதரைக்கு வந்ததும் படகு கொஞ்சம் பின்வாங்கி, இடைவெளி விழும். புறப்படும் முன் இன்னொரு முறை வின்ச்சைச் சுற்றுங்கள். சில கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் உப்புத்தண்ணீர் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ரப்பரில் வெடிப்பு விழுந்திருந்தால், ரோலரை மாற்றிவிடுங்கள்.