‘ஹாஸ்டல்ல சேர்த்துடுவேன்!’ என்று மிரட்டுபவர்கள் கவனத்துக்கு

டேராடூனில் இருக்கும் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் சேர விரும்பும் பிள்ளைக்கு மொத்தம் 450 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. கணக்கு 200, ஆங்கிலம் 125, பொது அறிவு 75. ஆக 400 மதிப்பெண்ணை எழுதியே வாங்கிவிடலாம். மிச்சம் 50, பெரியவர்கள் சிலர் முன்னால் உட்கார்ந்து பேசி வாங்க வேண்டியது. கணக்கில் புலியாக இருந்தாலும் சரி, இந்த 50இல் பாதியாவது தேறாவிட்டால் டேராடூன் ரயில் கிடையாது. தேர்வுக்கு வருபவர்களின் வயதோ பதினொன்றரையிலிருந்து பதின்மூன்றுக்குள்.

பேர் கல்லூரி என்றாலும் இது பள்ளிதான். 1922 மார்ச் 13 அன்று வேல்ஸ் இளவரசர், அதாவது பிற்காலத்தில் எட்டாம் எட்வர்டு ஆனவர், திறந்து வைத்தது. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவப் பயிற்சிக்கு இந்தியச் சிறுவர்களைத் தயார் செய்வது அன்றைய நோக்கம். இன்று தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயார் செய்கிறது. ஜெனரல் திம்மையா இங்கே படித்தவர். 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் எஸ். பத்மநாபனும் அப்படியே. நூறு ஆண்டு ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்த கதவு, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022இல் பெண்பிள்ளைகளுக்கும் திறந்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வை நடத்துவது, குரூப் 1, குரூப் 4 என்று பெரியவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும் அதே டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களுக்குச் சில மாதம் கழித்து நேர்முகத் தேர்வு. அங்கே பார்ப்பது பிள்ளையின் அறிவுக்கூர்மை, ஆளுமை, தன்னம்பிக்கை என்கிறது அறிவிப்பு. மூன்றுமே கைடு போட்டு விற்க முடியாத சமாசாரங்கள். ஆனாலும் விற்கிறார்கள்.

விடுதிப் பள்ளி என்றாலே நேர்காணல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம். உடுமலைப்பேட்டை பக்கத்தில் அமராவதிநகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளிக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும்தான். பேச்சுக்கு மதிப்பெண் இல்லை. தனியார் பள்ளிகள் கதை வேறு. ஒவ்வொன்றும் தன் போக்கில் பிள்ளைகளை எடைபோடும். இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரியில் பதின்மூன்று வயதில் சேர, பதினொரு வயதுக்குள்ளேயே கணினித் தேர்வு எழுதி, பிறகு பள்ளிக்கே போய் நேர்காணலிலும் உட்கார வேண்டும். அமெரிக்காவின் பெரிய விடுதிப் பள்ளிகளில் பிள்ளையிடம் தனியாகப் பேசிவிட்டு, அப்புறம் அப்பா அம்மாவை உள்ளே கூப்பிடுவது வழக்கம்.

நேர்காணல் வைக்கும் பள்ளி எதுவானாலும் ஒரு கேள்விக்குத் தப்ப முடியாது. ‘வீட்டை விட்டு இங்கே ஏன் வர விரும்புகிறாய்?’

இந்தக் கேள்வியில்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் திணறுகிறார்கள். காரணம் பிள்ளையிடம் இல்லை. ‘சாப்பிடலைன்னா ஹாஸ்டல்ல சேர்த்துடுவேன்’, ‘இப்படியே சேட்டை பண்ணு, ஹாஸ்டல்தான் உனக்குச் சரி’ என்று மூன்று வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை அது. பூச்சாண்டிக்கு அடுத்த இடம் ஹாஸ்டலுக்கு. திடீரென்று ஒரு நாள் அதே ஹாஸ்டல் நாட்டின் பெருமைக்குரிய நிறுவனம் ஆகிவிடுகிறது. அங்கே போக ஆசைப்படுவதாகச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்கிறார்கள். பிள்ளை மனப்பாடமாகச் சொல்லும்: ‘ஒழுக்கம் கற்றுக்கொள்ள, நாட்டுக்குச் சேவை செய்ய.’ கேட்பவர் அந்த வாக்கியத்தை அன்று காலையிலிருந்து பல பேரிடம் கேட்டிருப்பார். ‘சரி, ஒழுக்கம்னா என்னப்பா? இப்ப உன்கிட்ட இல்லையா?’ என்று அவர் அடுத்ததைக் கேட்டால் மௌனம்தான்.

நேர்காணலின் சூட்சுமம் இந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. முதல் கேள்வி எல்லாருக்கும் தெரிந்தது: பெயர், ஊர், குடும்பம், பிடித்த விளையாட்டு, பொழுதுபோக்கு. அதற்கு வரும் பதிலைப் பிடித்துக்கொண்டு கேட்கப்படும் அடுத்த கேள்வியைத்தான் யாராலும் முன்கூட்டி எழுதித்தர முடியாது. பிடித்தது கிரிக்கெட் என்று பையன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பிடித்த வீரர் யார் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்திருப்பான். ‘பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகுது. திரும்பி வந்து காலில் படுது. ஸ்டம்பில் படுவது நிச்சயம். எல்.பி.டபிள்யூ. உண்டா?’ என்று கேட்டால்? தெருவில் நிஜமாகவே மட்டை பிடித்தவன், ‘கிடையாது சார், லெக்குக்கு வெளியே பிட்ச் ஆனா தரமாட்டாங்க’ என்று யோசிக்காமல் சொல்வான். தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவன் விழிப்பான். பொழுதுபோக்கு ‘புத்தகம் படிப்பது’ என்று எழுதிவைத்த பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். கடைசியாகப் படித்த புத்தகத்தில் யாரைப் பிடிக்கவில்லை, ஏன் என்று கேட்டால் போதும்.

ஊரைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். கோவில்பட்டியிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருந்தால் நல்லது. அதைவிட நல்லது, மிட்டாய் போடும் இடத்துக்கு ஒரு முறை போய் வெல்லப்பாகு எந்தப் பதத்தில் இறங்குகிறது என்று பார்த்திருப்பது. முதலாவதைப் பொது அறிவுப் புத்தகத்தில் யாரும் படிக்கலாம். இரண்டாவதைச் சொல்லும்போது பிள்ளையின் கையும் சேர்ந்து பேசும். குரல் தானாக உயரும். தன்னம்பிக்கை என்று மதிப்பெண் போடுகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த மாற்றத்தைத்தான்.

மொழி ஒரு தடை, மறுப்பதற்கில்லை. ராணுவக் கல்லூரியின் கணக்கு, பொது அறிவுத் தாள்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. நியாயமற்ற சுமை என்றும் சொல்லலாம். அதற்காக மூன்று மாதத்தில் வெள்ளைக்காரத் துரை போலப் பேசவைக்கிறேன் என்று கிளம்புவது வீண். சின்னச் சின்ன வாக்கியம் போதும். கேள்வி புரியவில்லையென்றால் ‘இன்னொரு முறை சொல்லுங்கள் சார்’ என்று கேட்கவும், விடை தெரியாவிட்டால் ‘தெரியாது சார்’ என்று தலைகுனியாமல் சொல்லவும் பழக்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நம் வகுப்பறைகளில் ‘தெரியாது’ என்பது அடி வாங்கித்தரும் சொல்லாகவே இருந்து வந்திருக்கிறது. அதனால் பிள்ளைகள் எதையாவது உளறிவைக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உளறலும் தெரியும், நேர்மையும் தெரியும்.

பேச்சைவிட முக்கியமான தயாரிப்பு ஒன்று உண்டு. பிள்ளை இதுவரை ஒரு இரவாவது அப்பா அம்மா இல்லாமல் தூங்கியிருக்கிறதா?

வீட்டு ஏக்கம் பற்றிப் பல ஆண்டு ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர். அங்குள்ள பிலிப்ஸ் எக்ஸீட்டர் என்ற விடுதிப் பள்ளியிலேயே வேலை பார்த்தவர். எட்வர்டு வால்டன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 2007இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை சொல்வது எளிமையானது. வீட்டை விட்டுப் போகும் முடிவில் பிள்ளைக்கும் பங்கு கொடுங்கள். சில நாள் வெளியே தங்கிப் பழகட்டும். ஏக்கம் வருவது இயல்பு என்று முன்பே சொல்லிவையுங்கள். ‘பிடிக்கலைன்னா ஒரு போன் போடு, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கு பிள்ளையின் தைரியத்தைத்தான் குறைக்கும். அரையாண்டு விடுமுறையில் சித்தி வீட்டில் பத்து நாள், தன் துணியைத் தானே துவைத்து, தன் படுக்கையைத் தானே மடித்து இருந்துவிட்டு வந்த பிள்ளையிடம் ‘வீட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘முதல் ரெண்டு நாள் அழுதேன் சார், அப்புறம் சரியாயிடுச்சு’ என்று வரும் பதிலை எந்தப் பயிற்சி மையமும் எழுதித்தர முடியாது.

பெற்றோரை அழைத்துப் பேசும் பள்ளிகளில் நிலைமை தலைகீழ். பிள்ளையைவிடப் பெரியவர்கள்தான் சொதப்புகிறார்கள். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்வார். அப்பா, ‘பாப்பாவுக்கு எல்லாம் தெரியும் மேடம், பயத்துல சொல்லமாட்டேங்கிறா’ என்று மன்றாடுவார். எல்லாவற்றுக்கும் மேல், ‘வீட்டுல யார் பேச்சையும் கேக்கமாட்டேங்கிறான், உங்ககிட்ட விட்டா திருந்திடுவான்’ என்பார் ஒருவர். விடுதிப் பள்ளி சீர்திருத்தப் பள்ளி அல்ல. இப்படிச் சொல்லும் பெற்றோர், பிள்ளையை வளர்க்கும் வேலையில் தாங்கள் பாதியில் கழன்றுகொள்ளப் போவதாகத் தாங்களே அறிவிக்கிறார்கள். அதைவிட, மாதம் எத்தனை முறை போனில் பேசலாம், உடம்பு சரியில்லாவிட்டால் யார் பார்ப்பார்கள், மூத்த மாணவர்கள் சீண்டினால் யாரிடம் சொல்வது என்று திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டும். பள்ளி பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் அதே அறையில் பெற்றோரும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நேர்காணல் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏற்கெனவே போட்டுப் பழகிய சட்டை, கால் கடிக்காத செருப்பு அல்லது ஷூ, வயிற்றைக் கெடுக்காத காலைச் சாப்பாடு. வெளியூரிலிருந்து வருபவர்கள் முதல் நாளே வந்துவிடுவது உத்தமம். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பிள்ளையால் தெளிவாகப் பேச முடியாது. வாசலில் நின்றுகொண்டு ‘இந்தியாவின் குடியரசுத் தலைவர் யார், சொல்லு’ என்று கடைசி நேரக் கேள்விகளால் வறுத்தெடுப்பதை விட்டுவிடலாம்.

ராணுவக் கல்லூரிக்கு, சேரும் நேரத்தில் பிள்ளை ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது அதை முடித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் ஆள் இருக்கும் வீடுகளில் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பை இப்போதிருந்தே பார்த்துவரலாம். விண்ணப்பம் வாங்கப் பணம் கட்டுவதற்கு முன்னால், இந்தக் கேள்வியை வீட்டிலேயே ஒரு முறை கேட்டுவிடுங்கள்: போக உனக்கு விருப்பமா? ‘இல்லை’ என்று வந்தால் அந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம்.